மாந்தோப்பில் கோலினெஸ்டரேஸ்: ஒரு நரம்பு மருந்தியல் ஆய்வாளரின் கள அனுபவம்

முனைவர் பட்ட ஆய்வில் எலிகளின் மூளையில் நான் அளந்த நொதியைத்தான் இப்போது காவேரிப்பட்டினம், பாலக்கோடு பக்கத்து மாந்தோப்புகளிலும் தக்காளித் தோட்டங்களிலும் பூச்சிமருந்து அடிப்பவர்களின் இரத்தத்தில் அளந்து வருகிறேன். அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்பது அதன் பெயர். அன்றைக்கு ஸ்கோபோலமின் ஊசியால் நினைவாற்றல் மங்கிய எலிகளுக்கு மறதி நோய் மருந்தான டோனெபெசில் கொடுத்து, மூளையிலிருந்து நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியைத் தனியே எடுத்து அரைத்து, நொதியின் வேகம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலையாக இருந்தது. குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். தருமபுரிக்கு ஆசிரியப் பணிக்கு வந்தபின் அதே குறைவு கவலைக்குரிய செய்தியாகிவிட்டது. ஆய்வுக்கூடத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த இந்த வழியில் தெரிந்துகொண்டவை, இத்துறைக்கு வரவிருக்கும் மாணவர்களுக்கும், வீட்டில் தெளிப்பான் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

ஒரு நரம்பு முனையிலிருந்து தசைக்கோ சுரப்பிக்கோ அடுத்த நரம்புக்கோ கட்டளை போகும்போது அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சிறிதளவு வெளியாகிறது. நரம்பு தன் செய்தியை வேதிப்பொருள் வழியாகச் சொல்கிறது என்பதை 1921இல் ஆட்டோ லோவி தவளை இதயத்தைக் கொண்டு மெய்ப்பித்தார்; அவரும் ஹென்றி டேலும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கட்டளை போய்ச் சேர்ந்ததும் அந்த வேதிப்பொருள் உடனே அழிய வேண்டும். இல்லாவிட்டால் சுரப்பிகள் ஓயாமல் சுரந்துகொண்டும் தசைகள் துடித்துக்கொண்டும் இருந்து, கடைசியில் களைத்துச் செயலிழக்கும். அழிக்கும் பணியைச் செய்வதுதான் இந்த நொதி. ஒரேயொரு நொதி மூலக்கூறு ஒரு நொடிக்குள் பல ஆயிரம் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துவிடும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் அதன் வினைமையத்தில் உள்ள செரின் என்னும் அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகின்றன. பூச்சியின் நரம்பிலும் மனிதரின் நரம்பிலும் வேலை ஒன்றே. இதைப் பாடம் நடத்திப் புரியவைக்கத் தேவையே இல்லாதவர்கள் இந்த வட்டாரத்துப் பட்டுப்புழு வளர்ப்பாளர்கள். பக்கத்துக் காட்டில் அடித்த மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்துவிட்டால், அதைத் தின்ற புழுக்கள் குடல்நீரைக் கக்கி, நெளிந்து, உடல் சுருங்கிச் சாவதை அவர்கள் தட்டுத் தட்டாகப் பார்த்திருக்கிறார்கள். தோட்டத்தில் நான் பேசத் தொடங்கினால், எனக்கு முன்பே விளக்கம் சொல்லி முடிப்பவர் பெரும்பாலும் ஒரு பட்டுக்கூடு விவசாயியாகத்தான் இருப்பார்.

மறதி நோய்க்கான மருந்தும் தோட்டத்து நஞ்சும் ஒரே நொதியைத் தொடுவது தற்செயல் அன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சோதிக்க உண்ணக் கொடுத்த காலபார் அவரையிலிருந்து, இதே நொதியை முடக்கும் பைசோஸ்டிக்மின் 1864இல் பிரித்தெடுக்கப்பட்டது. தசைகள் தளர்ந்துபோகும் மயஸ்தீனியா நோயுள்ளவர்கள் விழுங்கும் பைரிடோஸ்டிக்மின், அல்சைமர் நோய்க்கான ரிவாஸ்டிக்மின், தோட்டத்தில் தூவும் கார்போபியூரான் குருணை ஆகிய மூன்றும் அதே கார்பமேட் குடும்பத்தவை. நொதியில் எவ்வளவு முடங்குகிறது, எவ்வளவு வேகமாக முடங்குகிறது, எவ்வளவு நேரத்தில் விடுபடுகிறது என்பவற்றில்தான் மருந்துக்கும் நஞ்சுக்கும் வேறுபாடு. களத்தில் இதற்கு நேரடியான பயன் உண்டு. வினாத்தாளில் 'தினமும் சாப்பிடும் மாத்திரை என்ன' என்பதைச் சடங்குக் கேள்வியாக விட்டுவிடாமல், மாத்திரை அட்டையையே கொண்டுவரச் சொல்லிப் பார்க்க வேண்டும். நரம்புத் தளர்ச்சிக்குச் சாப்பிடுகிறேன் என்று ஒருவர் சொல்வது வைட்டமின் மாத்திரையாகவும் இருக்கலாம், பைரிடோஸ்டிக்மினாகவும் இருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் அவருடைய நொதிச் சோதனை எண்ணுக்கும் தோட்டத்துக்கும் தொடர்பு இல்லாமல் போகலாம்.

உயிரோடு இருக்கும் மனிதரின் நரம்பிலிருந்து நொதியை எடுத்து அளக்க முடியாது என்பதால் இரத்தத்தை நாடுகிறோம். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ், நரம்புச் சந்தியில் இருக்கும் அதே மரபணுவிலிருந்து வருவது. ஆகவே நரம்பில் நடப்பதற்கு அது ஓரளவு நம்பத்தக்க சாட்சி. பிளாஸ்மாவில் இருப்பது பியூட்டைரைல்கோலினெஸ்டரேஸ் என்னும் வேறொரு நொதி, கல்லீரலில் உற்பத்தியாவது. கல்லீரல் கெட்டாலும், சத்துக் குறைந்தாலும், கருவுற்றிருந்தாலும் அது இறங்கும். அன்றாடம் குடிப்பவரின் பிளாஸ்மா எண் குறைவாக வந்தால், அதற்குப் பூச்சிமருந்தைக் குற்றம் சொல்வதா சாராயத்தைக் குற்றம் சொல்வதா என்று தீர்ப்பளிக்க முடியாது. பிறவியிலேயே இந்தப் பிளாஸ்மா நொதி மிகக் குறைவாக உள்ளவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிடுவார்கள், ஆனால் அறுவைச் சிகிச்சையின்போது சக்ஸமெத்தோனியம் என்னும் தசைத் தளர்த்தி மருந்து கொடுத்தால் சில நிமிடங்களில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. எனவே பூச்சிமருந்தே தொடாத ஒருவருக்கு அந்த எண் அடிமட்டத்தில் வந்தால், மறுபடி ஒருமுறை சோதித்து உறுதிசெய்து, 'ஆபரேஷன் என்று வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் இந்தச் சீட்டைக் காட்டுங்கள்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

இந்த ஆய்வில் வேறு எதையும்விட நான் வலியுறுத்துவது ஒருவரை அவரோடேயே ஒப்பிட வேண்டும் என்பதைத்தான். நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். ஆய்வகங்கள் அச்சிடும் இயல்பு வரம்பு அந்த மாறுபாடு முழுவதையும் உள்ளடக்குவது. பிறவியில் மேல் வரம்பை ஒட்டி இருப்பவர் தன் நொதியில் மூன்றில் ஒரு பங்கை இழந்தபின்பும் சீட்டில் 'நார்மல்' என்றே வரும். குத்தகைத் தோப்புகளில் பவர் ஸ்பிரேயர் பிடிக்கும் ஒருவர், "ரிப்போர்ட்டு நார்மல்னுதான் வந்துச்சுங்க மேடம், ஆனா மருந்து அடிச்ச அன்னிக்கு சாயங்காலம் கண்ணு மங்கலாத்தான் இருக்குது" என்றார். அவர் சொன்னதும் சரி, ரிப்போர்ட்டும் பொய் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பூச்சிமருந்துத் தொழிலாளர்களுக்கு இருக்கும் விதி இதனால்தான் இயல்பு வரம்பைப் பேசுவதே இல்லை. குறைந்தது 30 நாள் இந்த வகை மருந்துகளின் தொடர்பே இல்லாதிருந்தபின் அவரவர் அடிப்படை அளவு எடுக்கப்படுகிறது. பின்னர் அது 80 சதவீதத்துக்கு இறங்கினால் வேலைமுறையை ஆராய வேண்டும். சிவப்பணு நொதி 70 சதவீதத்துக்கோ பிளாஸ்மா நொதி 60 சதவீதத்துக்கோ இறங்கினால் ஆளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மீண்டும் 80 சதவீதத்துக்கு மேல் ஏறியபின்தான் திருப்பி அனுப்பலாம்.

சொல்வதற்கு எளிது. நம் பக்கத்தில் அந்த 30 நாளை எங்கே தேடுவது? மாவில் தத்துப்பூச்சிக்காக மருந்து அடிப்பது பூப்பருவத்தில், மார்கழியில் தொடங்கி மாசி வரை. அறுவடை முடிந்த ஆடி, ஆவணிக்குப் பின் தோப்பு ஓய்ந்திருக்கும். அப்போது அடிப்படை அளவை எடுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் தோப்பில் குழாய் பிடிப்பவரே மற்ற மாதங்களில் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக்கும் கத்தரிக்கும் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார். காய்கறிக்கு ஓய்வுக் காலமே கிடையாது. அதனால் நாங்கள் ஆட்களைச் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவருடைய வருடத்தையும் மாதவாரியாகக் கேட்டு எழுதுகிறோம். வெளியூர்க் கட்டட வேலைக்கு, குறிப்பாகப் பெங்களூருக்கு, ஒரு மாதத்துக்கும் மேலாகப் போய்விட்டுத் திரும்பும் காலத்தைப் பிடித்துக்கொள்கிறோம். அடிப்படை அளவை ஒருமுறை எடுத்து நம்பிவிடாமல், சில நாள் இடைவெளியில் இருமுறை எடுத்துச் சராசரி காண்கிறோம். சிவப்பணுவுக்கு உட்கரு இல்லாததால் அது இழந்த நொதியைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளாது. பழைய அணு கழிந்து புதிய அணு வந்தால்தான் எண் ஏறும். அணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் மீட்சி ஏறக்குறைய நாளொன்றுக்கு ஒரு சதவீதம் என்ற கணக்கில்தான் நடக்கும். பிளாஸ்மா நொதி சில வாரங்களிலேயே மீண்டுவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாதிப்பு நேற்று நடந்ததா, போன மாதம் நடந்ததா என்று ஊகிக்கலாம். பிளாஸ்மா எண் தேறி, சிவப்பணு எண் மட்டும் தாழ்ந்திருந்தால் அது பழைய கதை.

ஒப்பீட்டுக் குழு பற்றியும் ஒரு சொல். நகரத்து அலுவலக ஊழியர்களை ஒப்பீட்டுக்கு எடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. உணவும் உடல் உழைப்பும் இரத்தசோகையும் வேறாக இருக்கும் இரு கூட்டத்தாரை வைத்துக்கொண்டு, வேறுபாடு முழுவதும் மருந்தினால்தான் என்று சொல்வது நியாயமாகாது. அதே ஊரில் கேழ்வரகும் சாமையும் மானாவாரியாகப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயிர்களுக்குப் பூச்சிமருந்து அநேகமாகத் தேவைப்படுவதில்லை. அதே களி, அதே கிணற்று வேலை, அதே வெயில். அவர்களே சரியான துணை.

இனி இரத்தம் எடுப்பது. இதில்தான் பாடப்புத்தகம் சொல்லாத பல செய்திகள் உள்ளன. ஊர்ப் பால் சொசைட்டிக் கட்டடத்தில், காலைப் பால் ஊற்றி முடித்த நேரத்தில் முகாம் வைத்துக்கொள்வது எங்களுக்கு வசதியாக அமைந்தது. ஆட்கள் எப்படியும் அங்கே வருவார்கள், தோட்டத்துக்குப் போவதற்கு முன் கிடைப்பார்கள். வந்தவுடன் முழங்கைக்கு மேல்வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறோம். முந்தைய நாள் தெளித்த மருந்து தோலிலும் நகக்கண்ணிலும் ஒட்டியிருக்கும். ஊசி அதைத் துளைத்துக்கொண்டு போகும்போது துளியளவு கலந்துவிட்டாலும் குழாய்க்குள்ளேயே நொதி முடங்கி, உடலில் இல்லாத பாதிப்பை எண்ணில் காட்டும். விரல்நுனியில் குத்தி எடுக்கும் முறையில் இந்த ஆபத்து அதிகம் என்பதால் நாங்கள் சிரையிலிருந்தே எடுக்கிறோம். குழாய், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள, ஊதா மூடி போட்ட குழாயாக இருக்க வேண்டும். சர்க்கரைக்கு எடுக்கும் சாம்பல் மூடிக் குழாயில் சோடியம் ஃபுளோரைடு இருக்கிறது. அது நொதியை அடக்கிவிடும். இதைச் சொன்னவுடன் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நம் மாவட்டத்துத் தண்ணீரிலேயே ஃபுளோரைடு இருக்கிறதே, அது கணக்கைக் கெடுக்காதா என்று. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்குமுன் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கேட்கும் நல்ல கேள்வி அது. ஆனால் அத்தகைய தண்ணீர் குடித்தவர் இரத்தத்தில் உள்ளதைவிடச் சாம்பல் மூடிக் குழாயில் உள்ள ஃபுளோரைடின் செறிவு பல ஆயிரம் மடங்கு. முன்னது இந்தச் சோதனையைத் தொடுவதில்லை.

எடுத்த இரத்தம் குழாய்க்குள் சும்மா இருப்பதில்லை. இரத்தத்தில் மீதமிருக்கும் பூச்சிமருந்து தொடர்ந்து நொதியை முடக்கிக்கொண்டிருக்கும். கார்பமேட் வகையாக இருந்தால் அதற்கு நேர்மாறாக, முடங்கிய நொதி தானாகவே விடுபட்டுக்கொண்டிருக்கும். வெயிலில் வண்டிக்குள் வைத்து மதியம் தருமபுரிக்குக் கொண்டுவந்து அளந்தால், காலையில் அந்த மனிதரின் உடலில் இருந்த நிலை எண்ணில் இராது. கார்பமேட் பாதிப்பு வழியிலேயே மறைந்துபோகும். ஆகவே எடுத்த இடத்திலேயே, எடுத்த சில நிமிடங்களுக்குள், அமிலத்தன்மை மாறாமல் காக்கும் குளிர்ந்த பஃபர் கரைசலில் நூறு மடங்காக நீர்க்கச் செய்து பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். நீர்த்தால் மீதமிருக்கும் மருந்து நொதியை முடக்குவது மெதுவாகும், குளிர்ந்தால் முடங்குவதும் விடுபடுவதும் இரண்டுமே மெதுவாகும். ஐஸ் பெரும்பாலும் மீன்கடையிலிருந்துதான் வரும். நீர்க்கச் செய்யாத முழு இரத்தக் குழாய் எதுவும் ஐஸ்கட்டியை நேராகத் தொடக் கூடாது; உறைந்தால் அணுக்கள் உடைந்து பிளாஸ்மா சிவந்துவிடும். இரண்டு சுற்றுச் செய்தித்தாள் போதும்.

அளக்கும் முறை 1961இல் எல்மனும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. இன்றும் அதற்கு மாற்று தேவைப்படவில்லை. அசிட்டைல்கோலினுக்குப் பதிலாக அசிட்டைல்தயோகோலின் கொடுத்தால் நொதி அதை உடைத்துத் தயோகோலினை வெளியிடும். அது டிடிஎன்பி என்னும் வேதிப்பொருளோடு சேர்ந்து மஞ்சளாகும். மஞ்சள் ஏறும் வேகமே நொதியின் வேகம். 412 நானோமீட்டர் அலைநீள ஒளியில் படிக்க வேண்டும் என்று மூல முறை சொல்கிறது. மூளைத் திசுவில் எனக்கு அது இடைஞ்சலின்றி நடந்தது. இரத்தத்தில் அதே இடத்தை ஒட்டித்தான் ஹீமோகுளோபினும் ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது. கருவி மஞ்சளைப் பார்க்கிறதா சிவப்பைப் பார்க்கிறதா என்ற குழப்பம் வரும். 436 நானோமீட்டருக்கு நகர்ந்தால் மஞ்சள் சற்றுக் குறைந்தாலும் சிவப்பின் தலையீடு வெகுவாகக் குறைகிறது. இன்னொன்று, டிடிஎன்பி சேர்த்தவுடனேயே, தயோகோலின் எதுவும் இல்லாதபோதே, குவெட் என்னும் அளவுக் குப்பியில் இளமஞ்சள் படர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது இரத்தத்திலேயே இருக்கும் கந்தகச் சேர்மங்கள் செய்யும் வேலை. அவசரப்பட்டு அடுத்ததை ஊற்றாமல், பத்து நிமிடம் காத்திருந்து, அந்த மஞ்சள் நிலைத்தபின் அசிட்டைல்தயோகோலினைச் சேர்க்க வேண்டும். வெப்பநிலையையும் கட்டிப்போட வேண்டும். தை மாதக் காலையில் தருமபுரி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் குளிரும் சித்திரை மதியத்தின் சூடும் ஒன்றல்ல; குவெட் தாங்கி ஒரே வெப்பநிலையில் நிற்காவிட்டால், பருவம் மாறியதையே நாம் பூச்சிமருந்தின் விளைவு என்று எழுதிவிடுவோம். மின்சாரம் போய் வந்தால் கருவி மறுபடி நிலைப்படும்வரை எதையும் படிப்பதில்லை என்பது எங்கள் அறையில் எழுதி ஒட்டப்பட்ட விதி. கடைசியாக, எண்ணை ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு என்று எழுதாமல் ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு என்று எழுத வேண்டும். இல்லையென்றால் இரத்தசோகை உள்ள ஒவ்வொரு பெண்ணும் நஞ்சுண்டவராகத் தெரிவார்.

பெண்கள் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. முதல் சுற்றில் பெண்களைக் கேட்டால், 'நாங்க மருந்து அடிக்கிறதில்லைங்க' என்பார்கள். தெளிப்பது ஆண்கள்தான். ஆனால் பேரலில் மருந்தைக் குச்சியால் கலக்குவது, தோப்பு முழுக்க நீளும் குழாயை மரத்துக்கு மரம் இழுத்துக் கொடுப்பது, மறுநாளே ஈரம் காயாத செடியில் தக்காளி பறிப்பது, நனைந்த லுங்கியையும் சட்டையையும் கையால் துவைப்பது எல்லாம் யார்? 'அடிக்கிறீர்களா' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'மருந்து அடிக்கிற அன்றைக்குக் காலையிலிருந்து என்னென்ன வேலை செய்தீர்கள், அக்கா' என்று கேட்கத் தொடங்கினோம். பதில்கள் அடியோடு மாறின. இந்த மருந்துகள் முக்கியமாகத் தோல் வழியாகத்தான் உள்ளே போகின்றன என்பதால் இது வெறும் வினாத்தாள் நுணுக்கம் அன்று. முன்கைத் தோலைவிடத் தலைத்தோலும் அதைவிட இடுப்புக்குக் கீழான மெல்லிய தோலும் பல மடங்கு உறிஞ்சும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கசியும் டேங்க் மூடியால் முதுகும் லுங்கியும் நனைய நனைய நாள் முழுதும் நடப்பவர், பாதுகாப்பாக இருப்பதாக நம்புவதுதான் சிக்கல். கசியும் வாஷரை மாற்றுவதும், தெளித்து முடித்தவுடன் உடுப்பைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிப்பதும், அந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் கையுறையோடு தனியாகத் துவைப்பதும் துண்டைவிட அதிகம் காப்பாற்றும்.

என்ன மருந்து என்று கேட்டால் கடைக்காரர் சொன்ன பெயரோ டப்பாவின் நிறமோ பதிலாக வரும். டப்பாவையே பார்ப்பது நல்லது. அதில் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கொடியது. மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமை இறங்கும். அதைவிட முக்கியமானது செயற்பொருளின் பெயர். இமிடாகுளோபிரிட் போன்றவை இப்போது மாவில் பரவலாகப் பயன்படுகின்றன. அவை நொதியைத் தொடுவதே இல்லை, அசிட்டைல்கோலின் சென்று அமரும் நிகோடினிக் ஏற்பியைத் தாக்குகின்றன. பைரெத்ராய்டுகள் நரம்பிழையின் சோடியம் வாயில்களைத் தாக்குகின்றன. இவற்றை மட்டும் அடித்தவருக்குக் கோலினெஸ்டரேஸ் சோதனை செய்தால் எண் சரியாகவே இருக்கும். அதை வைத்து அவருக்குப் பாதிப்பே இல்லை என்று எழுதிக் கொடுப்பதைவிடச் சோதனையே செய்யாமல் இருப்பது மேல். குளோர்பைரிபாஸ் போன்றவற்றில் வேறொரு நுட்பம் உண்டு: உடலில் நுழைந்தபின் கல்லீரல் அதை ஆக்ஸான் வடிவத்துக்கு மாற்றியபின்தான் முழு வீரியம் வரும். அடித்த அன்று ஒன்றும் தெரியாமல் இரவில் தொந்தரவு தொடங்குவதற்கு இதுவும், தோலில் ஊறி மெதுவாக உள்ளே போவதும் காரணம்.

அறிகுறிகளைப் பற்றிக் குடும்பங்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. வியர்வை, தலைவலி, குமட்டல் மூன்றும் வெயிலில் வேலை செய்த எவருக்கும் வரும். அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருப்பது, வாயில் எச்சில் வழிவது, பார்வை மங்குவது, மார்பு இறுகி இழுப்பு வருவது, கன்னத்திலோ தொடையிலோ தசை தானாகத் துள்ளுவது ஆகியவை வெயிலின் வேலை அல்ல. அப்போது செய்ய வேண்டியது உடுப்பைக் களைந்து, செய்பவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் உடலையும் தலையையும் கழுவி, 108ஐ அழைத்து, டப்பாவையும் கூடவே கொண்டுபோவது. நினைவு மங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். புளிக்கரைசல், உப்புத் தண்ணீர், சாணிக்கரைசல் என்று எதையும் வாயில் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விட்டால் நஞ்சைவிட அதுவே முதலில் கொல்லும். டப்பா ஏன் முக்கியம் என்றால், நொதியில் ஒட்டிய மருந்து சிறிது நேரம் கழித்துத் தன் ஒரு பகுதியை உதிர்த்துவிட்டு நிரந்தரமாக இறுகிவிடுகிறது. ஆர்கனோபாஸ்பேட்டுகளில் டைமெத்தில் வகையில் அது சில மணி நேரத்திலும், டைஎத்தில் வகையில் ஒரு நாளுக்கும் மேலான காலத்திலும் நடக்கிறது. இறுகுவதற்குமுன் கொடுத்தால்தான் பிராலிடாக்சிம் என்னும் முறிமருந்துக்கு நொதியை மீட்க வாய்ப்பு உண்டு. இன்னொரு முறிமருந்தான அட்ரோபினோ நொதியை மீட்பதில்லை. மிகையான கட்டளையை ஏற்பியில் தடுத்து, நுரையீரலில் சுரக்கும் நீரை வற்றச் செய்கிறது. அதன் அளவை மருத்துவர் நெஞ்சொலியையும் நாடித்துடிப்பையும் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார், நம் ஆய்வக எண்ணைப் பார்த்து அல்ல.

தேறிவிட்டார் என்று இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப்போவது இங்கே வழக்கமாக இருக்கிறது. இலங்கையில் சேனநாயக்கவும் கரல்லியெத்தவும் 1987இல் விவரித்த ஒரு நிலை, பாதிப்பு நடந்து ஒன்றிலிருந்து நான்கு நாள்களுக்குள், முதல் அறிகுறிகள் அடங்கியபின், வருகிறது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கழுத்து துவளும். அடுத்து மூச்சுத் தசைகள் தளரும். செயற்கைச் சுவாசம் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளக்கூடிய நிலை. பேருந்தில் பென்னாகரம் போய்க்கொண்டிருக்கும்போது வந்தால் பிழைப்பது கடினம். மருத்துவர் இருக்கச் சொல்லும் நாள்வரை இருங்கள் என்பதற்கு மேல் இதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

நாள்பட்ட சிறு பாதிப்பு கவனத்தையும் நினைவையும் குறைக்கிறதா என்பதே மூளையியல் படித்த என்னை இங்கே பிடித்து வைத்திருக்கும் கேள்வி. அதற்கான சோதனைகளில் பாதி, எழுத்தறிவை முன்கூட்டியே எதிர்பார்ப்பவை. எழுத்துகளையும் எண்களையும் வரிசையாகக் கோடிட்டு இணைக்கும் சோதனையில் பள்ளிக்குப் போகாதவர் பின்தங்குவார். அதற்கும் நொதிக்கும் தொடர்பில்லை. ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவரிடம் எண்களைத் தமிழில் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வதும் அப்படித்தான். விரலால் தட்டும் வேகம், குச்சிகளைத் துளையில் செருகுவது, வடிவங்களை நினைவில் வைப்பது ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டோம். அதையும் வேலைக்குப் போகுமுன் காலையில் மட்டுமே செய்கிறோம்.

முடிவைத் திருப்பிக் கொடுப்பது ஆய்வின் ஒரு பகுதி என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தது உண்மையில் சோதிக்கப்படும் இடம் ஊர்தான். சீட்டில் உங்கள் பழைய அளவு, இன்றைய அளவு, நூற்றுக்கு எவ்வளவு, தேதி, அடித்த மருந்தின் செயற்பொருள் பெயர் ஆகியவற்றை மட்டும் தமிழில் எழுதுகிறோம். எண் இறங்கியிருப்பவரிடம் சில வாரம் மருந்து வேலைக்குப் போகாதீர்கள் என்று சொன்னால், "அப்புறம் கூலிய யார் தருவாங்க கண்ணு?" என்பார் அவருடைய அம்மா. அதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் இரத்தம் எடுக்கப் போவது ஆய்வுக்கு வேண்டுமானால் உதவும், அவருக்கு உதவாது. தோப்புக் குத்தகைதாரரிடமும் ஸ்பிரேயர் வைத்திருக்கும் மேஸ்திரியிடமும் முன்கூட்டியே பேசி, எண் இறங்கியவருக்கு அதே கூலியில் தண்ணீர் பாய்ச்சுவது, கிளை கழிப்பது, மூட்டை ஏற்றுவது போன்ற மாற்று வேலை கொடுக்க ஒப்புக்கொள்ள வைக்க வேண்டியிருக்கிறது. சிலர் உடனே ஒப்புக்கொண்டார்கள், சிலருக்கு, அடுத்த பருவத்திலும் இதே ஆட்கள் வேண்டுமே என்ற கணக்கைப் போட்டுக் காட்டியபின் புரிந்தது, மறுத்தவர்களும் உண்டு. இப்போது ஒரு தோப்பில் அந்த ஏற்பாடு எழுத்தில் கைக்கு வந்தபின்பே அங்கே அடிப்படை அளவு எடுக்கப் போகிறோம். மறுத்தவர்களின் ஆட்களுக்கு, விருப்பப்பட்டால், மாலையில் அவர்கள் வீட்டருகே தனியாக முகாம் வைத்து, சீட்டை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம்.